நாட்பட்ட நோயோடு கொழும்பில் தனியார் வேலையில் நிலைத்திருக்க முடியுமா? மேலாளரிடம் நோயைச் சொல்ல வேண்டுமா?

முடியும். எனக்கு மூட்டுவாதம், ருமட்டாய்டு வகை. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போய் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறேன்.

மேலாளரிடம் சொல்லுங்கள், ஆனால் நோயின் முழுக் கதையும் வேண்டாம். கதையைக் கேட்டால் "ஐயோ பாவம்" என்பார்கள். பதவி உயர்வு வரும்போது அந்தப் பாவம்தான் குறுக்கே நிற்கும். வேலை நடக்க உங்களுக்கு என்ன மாற்றம் தேவையோ அதை மட்டும் கேளுங்கள். எனக்குக் காலையில் விரல்கள் மடங்காது. சட்டைப் பொத்தானைப் போடவே பெரும்பாடு, இதில் 100ஆம் நம்பர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்குவது எங்கே! ஒரு மணித்தியாலம் பிந்தி வந்து, பிந்திப் போகிறேன் என்று கேட்டேன். வாயால் சரி என்றார்கள். அன்றைக்கே அதை மின்னஞ்சலிலும் போட்டு வைத்தேன். அப்புறம் மேலாளர் மாறினார். புதியவருக்கு அந்த மின்னஞ்சலைக் காட்டினேன், பேச்சு முடிந்தது.

லீவுதான் பெரிய தலையிடி. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி முதல் வருடம் கழிந்தபின் 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் கெஷுவல் லீவு. சுகவீனத்துக்கும் அந்த ஏழுதான். பெரியாஸ்பத்திரி கிளினிக் என்றால் விடியவே போய் நம்பர் எடுத்து, டொக்டரைப் பார்த்து, மருந்து வரிசையில் நின்று வர பகல் போய்விடும். மாதா மாதம் போனால் கணக்கு உதைக்கும். நோய் கட்டுப்பாட்டில் இருந்தால் அடுத்த கிளினிக்கைத் தள்ளிப் போட முடியுமா என்று டொக்டரிடமே கேளுங்கள். மெத்தோட்ரெக்சேட் குடிப்பவர்கள் (வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் எடுக்கும் மூட்டுவாத மருந்து, தினமும் அல்ல) எந்தக் கிழமை என்பதையும் கேட்டு மாற்றலாம். நான் வெள்ளி இரவு எடுக்கிறேன். சோர்வு சனிக்கிழமையோடு போய்விடும்.

இனி முக்கியமான விஷயம். "உங்கட நன்மைக்குத்தான், நீங்களே கடிதம் தந்து விலகுங்கோ" என்று எச்.ஆர். கூப்பிட்டுச் சொன்னால் அந்த இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அவர்கள் கெஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் உங்களை நிறுத்த உங்கள் எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ வேண்டும். நீங்களே விலகினால் அவர்களுக்கு அந்த அலைச்சல் மிச்சம். வேலைக்குச் சேர்ந்து ஓரிரு மாதம்தான் என்றால் இந்தப் பாதுகாப்பு வராது. அப்படியும் மீறி நிறுத்தினால் ஆறு மாதத்துக்குள் நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுங்கள். விலகத்தான் வேண்டுமென்றாலும் ஐந்து வருடம் பூர்த்தியாகிவிட்டதா என்று பாருங்கள். பணிக்கொடை (விலகும்போது கிடைக்கும் கிராச்சுவிட்டிப் பணம்) அதில்தான் இருக்கிறது.

"ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல்" என்ற இடத்தைக் கவனித்தீர்களா? நோவு கூடிய நாளில் யாருக்கும் சொல்லாமல் படுத்துவிட்டால், வேலையைக் கைவிட்டார் என்று எழுதுவார்கள். நோயைக் காட்டி வேலையிலிருந்து தூக்க முடியாத ஆளை இப்படித்தான் தூக்குகிறார்கள். எழும்ப முடியாவிட்டாலும் வேலை தொடங்குமுன் ஒரு வாட்ஸ்அப், திரும்பிப் போகும்போது மெடிக்கல் சான்றிதழ். இரண்டின் பிரதியும் உங்கள் கையில் இருக்கட்டும், கம்பெனிக் கணினியில் மட்டும் வைக்காதீர்கள்.