மார்த்தாண்டத்தில் கடைக்கு மேலே ஃபிளாட்: 58 லட்சம் போடலாமா?

கேள்வி: குவைத்தில் நர்ஸாக இருக்கிறேன், வயது 39. கணவர் அருமனையில் சின்னதாகக் கடை வைத்திருக்கிறார். மகள் எட்டாம் வகுப்பு. மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டடம் வருகிறது, கீழே இரண்டு தளம் கடைகள், மேலே 24 ஃபிளாட். 1,350 சதுர அடி, 58 லட்சம். கணவர் 3 லட்சம் முன்பதிவு கட்டிவிட்டார். இந்த மாதமே 40 சதவீதம் கட்டினால், சாவி கொடுத்த பிறகு மூன்று வருடத்துக்கு மாதம் 20,000 வாடகை அவர்களே உத்தரவாதமாகத் தருவார்களாம். கையில் 22 லட்சம் இருக்கிறது, மீதி கடன். ஆறேழு வருடத்தில் ஊருக்கே திரும்பும் எண்ணம். அப்பாவோ, ‘ஃபிளாட் எதுக்கு, நம்ம விளையில (தோட்டத்துல) 8 சென்ட் எழுதித் தாறேன், வீடு கட்டு’ என்கிறார். மேஸ்திரி சதுர அடிக்கு 2,400 சொல்கிறார். என்ன செய்ய சார்? நோட்டீஸையும் ரசீதையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அந்த 40 சதவீதத்தைக் கட்ட வேண்டாம் சகோதரி. கணவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், காரணங்களை அப்புறம் நிதானமாகப் படிக்கலாம்.

நீங்கள் அனுப்பிய நோட்டீஸின் கீழ் ஓரத்தில், படத்தைப் பெரிதாக்கினால்தான் தெரிகிற எழுத்தில், ‘ரெரா பதிவுக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்று போட்டிருக்கிறார்கள். ரெரா என்பது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம், அதாவது அதன் பதிவு எண் இன்னும் வரவில்லை. 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடம் அல்லது எட்டு வீட்டுக்கு மேல் என்றால் பதிவு கட்டாயம், பதிவு எண் கைக்கு வரும் முன் விளம்பரமே செய்யக் கூடாது, முன்பதிவும் வாங்கக் கூடாது. மீறினால் திட்டச் செலவில் 10 சதவீதம் வரை அபராதம் போடலாம். 24 ஃபிளாட் கட்டுகிறவருக்கு இது தெரியாமல் இருக்காது. எண் வந்த பிறகும்கூட, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க முடியாது, உங்கள் கணக்கில் அது 5.8 லட்சம். அவர்கள் கேட்பது 23.2 லட்சம். வாசலிலேயே இரண்டு விதியை மீறுகிற ஆள் ஐந்தாவது மாடியை எப்படிக் கட்டுவார் என்று நான் யோசிப்பேன்.

சரி, நாளைக்கே எண் வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கணக்கு உதைக்கிறது.

58 லட்சம் என்பது நோட்டீஸில் உள்ள விலை. கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 2.9 லட்சம். (1 சதவீதம்தான் என்று யாராவது சொன்னால், அது கார்பெட் பரப்பு (சுவருக்குள் உள்ள இடம்) 90 சதுர மீட்டருக்குள்ளும் விலை 45 லட்சத்துக்குள்ளும் இருக்கும் வீட்டுக்கு. உங்களுடையது விலையிலேயே அடிபட்டுப் போகிறது.) 2023 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் புது ஃபிளாட்டுக்கு நிலம், கட்டடம் இரண்டையும் சேர்த்த மதிப்பில்தான் பத்திரம், 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை முத்திரைத் தீர்வை 5, பதிவுக் கட்டணம் 2, ஆக 7 சதவீதம், இன்னொரு 4 லட்சம். மொத்தம் 65 லட்சம் ஆகிவிட்டது, கார் நிறுத்தும் இடம், பராமரிப்பு வைப்புத்தொகை, அலமாரி வேலை எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. கட்டிய 3 லட்சம் போக, கையில் இருக்கிற 22 லட்சத்தையும் வழித்துக் கொடுத்தாலும் கடன் 40 லட்சம் வேண்டும். எட்டரை சதவீத வட்டியில் 15 வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 39,400. 20,000 வாடகை வந்தாலும் 19,400 கைக்காசு. அதுவும் சாவி கிடைத்த பிறகுதான், கட்டி முடியும்வரை வங்கி கொடுத்த தொகைக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்த 20,000 எங்கிருந்து வருகிறது? மூன்று வருடத்துக்கு 7.2 லட்சம். பில்டர் அதைத் தன் சட்டைப் பையிலிருந்து தரப்போவதில்லை, 58 லட்சத்துக்குள் அது ஏற்கெனவே இருக்கிறது. வாடகை உத்தரவாதம் வேண்டாம், விலையில் 7 லட்சம் குறைத்துத் தா என்று கணவரைக் கேட்கச் சொல்லுங்கள், என்ன பதில் வருகிறது என்று பாருங்கள். நாலாவது வருடம் அந்த வீட்டுக்கு யார் 20,000 கொடுப்பார்? மார்த்தாண்டத்தில் வாடகைக்கு வருகிறவர்கள் மாற்றலாகி வரும் வங்கிக்காரர்கள், ஆஸ்பத்திரி டாக்டர்கள், காலேஜ் ஆசிரியர்கள். அவர்களில் பாதிப் பேர் முற்றம் உள்ள தனி வீட்டு மாடி கிடைத்தால் அங்கே போய்விடுவார்கள். இன்னொன்று, நீங்கள் வெளிநாடுவாழ் இந்தியர் என்பதால் குடியிருப்பவர் உங்களுக்குக் கொடுக்கிற வாடகையில் 31.2 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும், எவ்வளவு சின்ன வாடகையானாலும். இதைக் கேட்டதும் பல பேர் வேறு வீடு பார்க்கப் போய்விடுகிறார்கள்.

இப்போது உங்கள் ரசீதின் பின்பக்கம். எல்லோரும் பார்க்காமல் விடுவது இதைத்தான். ‘சூப்பர் பில்ட்-அப் 1,350, கார்பெட் 965, யுடிஎஸ் 420’ என்று மூன்று எண்கள் இருக்கின்றன. சூப்பர் பில்ட்-அப் என்பது படிக்கட்டு, லிஃப்ட் போன்ற பொது இடத்தில் உங்கள் பங்கையும் சேர்த்த கணக்கு. கார்பெட் என்பது சுவருக்குள் நீங்கள் நடமாடும் இடம். அதை வைத்து வகுத்தால் சதுர அடி 4,300 இல்லை, 6,000 ரூபாய். யுடிஎஸ் என்பது நிலத்தில் உங்களுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆக, 58 லட்சம் கொடுத்து நீங்கள் வாங்கும் மண் ஒரு சென்ட்கூட முழுசாக இல்லை. நாளாக ஆகக் கட்டடத்துக்கு மதிப்பு குறையும், மண்ணுக்குத்தான் ஏறும். நம்ம குமரி மாவட்டத்தில் ஆட்கள் மண்ணை வைத்துத்தான் பேசுவார்கள், எத்தனை சென்ட், கிணறு உண்டா, தெங்கு எத்தனை, சக்கை காய்க்குமா என்றுதான் முதல் கேள்வியே வரும். சென்னையில் பழைய ஃபிளாட் விற்பது போல மார்த்தாண்டத்தில் விற்கலாம் என்று நினைக்காதீர்கள், ஆள் கிடைக்க மாசக்கணக்கில் ஆகும், விலையையும் இறக்க வேண்டி வரும்.

கீழே கடை இருப்பதால் இன்னொரு சங்கடம். கடைகளுக்கு எவ்வளவு யுடிஎஸ் ஒதுக்கியிருக்கிறார்கள், மொட்டைமாடி யாருக்கு, செல்போன் டவரோ விளம்பரப் பலகையோ வைத்தால் அந்தக் காசு யாருக்கு, லாரி வந்து சரக்கு இறக்குவது உங்கள் கார் நிறுத்துமிடம் வழியாகவா, இதெல்லாம் ஒப்பந்தத்தில் வரி வரியாக இருக்க வேண்டும். எல்லா யுடிஎஸ்ஸையும் கூட்டினால் மொத்த நிலத்தைத் தாண்டக் கூடாது. சிரிக்காதீர்கள், தாண்டுகிற திட்டங்களும் உண்டு.

புரோக்கர் கேரளத்து விழிஞ்ஞம் துறைமுகத்தின் கதையைச் சொல்லியிருப்பாரே? 2025 மே 2-ஆம் தேதி பிரதமர் அந்தத் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்ததிலிருந்து களியக்காவிளை முதல் தக்கலை வரை அஞ்சு சென்ட் விற்கிறவர்கூட அதைச் சொல்லித்தான் விற்கிறார். பெரிய துறைமுகம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே நடக்கும் முக்கிய வேலை பெரிய கப்பலில் வரும் கன்டெய்னரைச் சின்னக் கப்பலுக்கு மாற்றுவது. கிரேன்களும் அநேகம் தானியங்கி. அதற்காக ஆயிரம் குடும்பம் மார்த்தாண்டத்துக்கு வந்து ஃபிளாட் தேடும் என்று 58 லட்சத்தைப் பணயம் வைக்க நான் தயாரில்லை. சாலை அகலமாகி, கிடங்குகள் வந்து, பத்து வருடத்தில் ஏதாவது நடக்கலாம், அது நடக்கும்போது விலை ஏறுவது நிலத்துக்குத்தான்.

உங்கள் மகள் படிப்பு, மாமியார் ஆஸ்பத்திரி, கணவர் போக்குவரத்து என்று டவுனில்தான் இருந்தாக வேண்டும் என்ற நிலை இருந்தால் ஃபிளாட் வாங்குவதில் தப்பே இல்லை. அப்படி வாங்குவதாக இருந்தால் கட்டி முடித்து, நிறைவுச் சான்று வாங்கிய வீடாகப் பாருங்கள். அதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது. கண்ணால் பார்த்து வாங்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் குழித்துறை சப்பாத்துப் பாலம் மூழ்குகிற மாதிரி மழை பெய்கிற நாளில் கணவரை அங்கே அனுப்புங்கள், தரைத்தளத்தில் தண்ணீர் நிற்கிறதா, லிஃப்ட் குழிக்குள் மோட்டார் ஓடுகிறதா, பக்கத்து மனை வயலாக இருந்து மண் நிரப்பியதா என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். 2021 நவம்பர் மழையில் அந்த இடம் எப்படி இருந்தது என்று எதிர்ச் சாயாக்கடையில் கேட்டால் போதும், நோட்டீஸில் இல்லாத எல்லாமும் வந்துவிடும். இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டம் நம்முடையது, பில்டர் 24 மாதம் என்றால் 36 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஆவணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எந்தத் திட்டமானாலும் இது பொருந்தும். உங்கள் திட்டம் நில உரிமையாளரும் பில்டரும் கூட்டாகச் செய்வது, அதனால் நிலத்தின் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட்டிருக்கிறார்களா, பொது அதிகாரப் பத்திரம் பதிவானதா என்று பார்க்க வேண்டும். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவர்கள், பழைய மூலப்பத்திரங்கள் மலையாளத்தில் இருக்கும், அதை வாசித்துப் புரிந்துகொள்கிற உள்ளூர் வக்கீலிடம் கொடுங்கள். வில்லங்கச் சான்றில் ஏதாவது ஒற்றி தீர்க்காமல் கிடக்கிறதா என்று பாருங்கள், அ-பதிவேட்டையும் (கிராம நிலப் பதிவேடு) பாருங்கள், நிலம் என்ன வகை, கோயில் நிலமா என்பது அதில் வந்துவிடும். எந்த அரசு வங்கி இந்தத் திட்டத்துக்குக் கடன் தர ஒப்புக்கொண்டிருக்கிறது என்று கேளுங்கள். ஒரு வங்கியும் இல்லை என்றால் அதற்கு மேல் பேச வேண்டியதில்லை.

அப்பாவின் 8 சென்ட். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, ஆனால் அவர் நினைப்பது போல நேரே பத்திர ஆபீசுக்குப் போய்விட முடியாது. வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலத்தையும் தோட்டத்தையும் விலைக்கு வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது, வாரிசு உரிமையில் வந்தால் மட்டும் வைத்துக்கொள்ளலாம். விளை என்கிறீர்கள், ரப்பர் நிற்கிறதா? அ-பதிவேட்டில் புன்செய் என்றுதானே இருக்கும்? அப்படியானால் முதலில் அந்த 8 சென்ட்டை வீட்டுமனையாக முறைப்படி ஒப்புதல் வாங்கி, பிறகு அப்பா உங்கள் பெயருக்கு செட்டில்மென்ட் (குடும்பத்துக்குள் சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம்) எழுதட்டும். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் 10,000, அதற்கு மேல் போகாது. அப்பாவுக்கே பூர்வீகமாக வந்த இடம் என்றால் உங்கள் கூடப்பிறந்தவர்கள் சம்மதமும் சேர்ந்து இருக்கட்டும், இப்போது முகத்துக்கு முகம் பேசி முடிப்பது நல்லது, பிறகு வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் சண்டை வரும். நீங்கள் நேரில் வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதிக் கையொப்பம் உறுதி செய்து அனுப்புங்கள், அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரை வைக்க வேண்டும்.

மேஸ்திரி சொன்ன 2,400 வைத்து 1,400 சதுர அடி கட்டினால் 33.6 லட்சம். கிணறு, காம்பவுண்ட், செப்டிக் டேங்க், கேட் எல்லாம் அதில் சேராது என்பது மேஸ்திரிக்கும் தெரியும், நமக்கும் தெரியும், 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்-சாண்ட் விலையை நம்பி யாரும் இன்றைய ரேட்டில் இரண்டு வருடத்துக்கு வாக்குக் கொடுக்க மாட்டார்கள். 65-க்கும் 40-க்கும் உள்ள 25 லட்சம்தான் உங்கள் மகளின் காலேஜ் செலவு. வீட்டை உடனே கட்டவும் அவசரமில்லை, பூட்டிய வீட்டுக்கு ஒவ்வொரு மழைக்கும் பெயின்ட் அடித்துக்கொண்டிருப்பீர்கள். திரும்பி வருவதற்கு இரண்டு வருடம் முன்னால் தொடங்கினால் போதும். அதுவரை 22 லட்சத்தில் ஆறு மாதக் குடும்பச் செலவை எடுத்து வைத்துவிட்டு, பெரும்பகுதியை என்.ஆர்.இ. (வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) வைப்பு நிதியில் போடுங்கள், வெளிநாட்டில் இருக்கும்வரை அந்த வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. தவணை கட்டத் தயாராக இருந்தீர்களே, அதில் பாதியை மாதாமாதம் ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் (பங்குச் சந்தைக் குறியீட்டை ஒட்டிப் போகும் ஃபண்ட்) போடலாம், ஆறேழு வருடம் தொடாமல் இருப்பீர்கள் என்றால் மட்டும்.

கடைசியாக அந்த 3 லட்சம். ரசீதில் ‘முன்பதிவுத் தொகை திருப்பித் தரப்படாது’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், முன்பதிவு வாங்கவே உரிமை இல்லாத நேரத்தில் வாங்கிய பணம் அது. ரெரா பதிவு எண் இல்லாததால் முன்பதிவை ரத்து செய்கிறேன், 30 நாளுக்குள் பணத்தைக் கணக்கில் போடவும் என்று கணவர் ஒரு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்பட்டும், நேரில் போய்ச் சத்தம் போட வேண்டாம். ‘வேற ஆள் வந்ததும் தாறோம்’ என்று இழுத்தால் தமிழ்நாடு ரெரா தளத்தில் ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம், நோட்டீஸ், ரசீது, வங்கியில் பணம் போன பதிவு, அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் செய்தி எல்லாவற்றையும் இப்போதே சேமித்து வையுங்கள். பணம் தருகிறோம், ரசீதைக் கொண்டு வாருங்கள் என்று கூப்பிட்டால் நகலை எடுத்துப் போகச் சொல்லுங்கள், அசல் ரசீது 3 லட்சம் கணக்கில் ஏறிய பிறகு கொடுத்தால் போதும்.