ஜெனரேட்டர் ஓடும் மணிக்கணக்கு

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஜெனரேட்டரைப் பற்றியவை. பாலக்காட்டுக் கணவாயில் காற்று கிளம்பிவிட்டால் தென்னை மட்டை ஒயரில் விழுவதும், மின்சாரம் போவதும், தெருவுக்கு நாலு இயந்திரம் உறுமுவதும் நமக்குப் பழக்கம்தானே. சில கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

என் மண்டபத்தில் 62.5 கேவிஏ திறனுள்ள டீசல் ஜெனரேட்டர் இருக்கிறது. புகை, சத்தம் என்று விருந்தினர்கள் குறை சொல்கிறார்கள். விற்றுவிட்டு முழுவதும் பேட்டரிக்கு மாறலாமா? — மண்டப உரிமையாளர், கொழிஞ்சாம்பாறை

விற்க வேண்டாம். முதலில் ஜெனரேட்டர் பேனலைப் பாருங்கள். சின்னக் கண்ணாடிக்குள் ஒரு மணிக்கணக்கு மீட்டர் இருக்கும். அதைப் பார்க்காமல் யாருக்கும் பேட்டரி விலை சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன். போன ஆண்டு இதே மாதிரி ஒரு மண்டபத்துக்குப் போயிருந்தேன். "ஆயிரக்கணக்கான மணி ஓடியிருக்கும்" என்றார் உரிமையாளர். மீட்டர் துடைத்துப் பார்த்தால் 412. இயந்திரம் வாங்கி ஒன்பது வருடம். அதாவது ஆண்டுக்கு நாற்பத்தைந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆண்டுக்கு 8,760 மணி நேரம் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நாற்பத்தைந்துக்காக ஏசி உட்பட முழு மண்டபத்தையும் பேட்டரியில் தாங்க நினைத்தால், பணத்தைக் கொண்டுபோய் அறையில் அடைத்துவைத்த மாதிரிதான்.

லோடைப் பிரியுங்கள். விளக்கு, மின்விசிறி, மைக், தண்ணீர் மோட்டார், சமையலறை வெளிச்சம் எல்லாம் சேர்ந்து உங்கள் அளவு மண்டபத்துக்கு எட்டு கிலோவாட்டைத் தாண்டாது. இதற்கு இன்வெர்ட்டரும் இருபது யூனிட் கொள்ளளவுள்ள லித்தியம் பேட்டரியும் போட்டால் இரண்டு மணி நேரம் தாராளமாக ஓடும். ஏசியும் மாவு அரைக்கும் கிரைண்டரும் மட்டும் ஜெனரேட்டரில் இருக்கட்டும். அரை மணி நேரத்தில் மின்சாரம் திரும்பிவிடும் நாட்களில் ஜெனரேட்டரைத் தொடவே வேண்டியிருக்காது.

இன்னொன்று. 62.5 கேவிஏ இயந்திரத்தை எட்டு கிலோவாட்டுக்கு ஓட்டுவதுதான் உங்கள் புகைக்குப் பாதிக் காரணம். லோடு மிகவும் குறைந்தால் சிலிண்டர் சூடேறாது, டீசல் முழுதாக எரியாது, புகைபோக்கி இணைப்பில் கரிய எண்ணெய் வடியும். அந்த 412 மணி மண்டபத்தின் பின்சுவரில், சுண்ணாம்பு வெள்ளைமேல், விசிறி விரித்தது போல் கரி படிந்திருந்தது. பக்கத்துத் தென்னையில் அந்தப் பக்கத்து ஓலைகள் மட்டும் கறுப்பு. செலவும் பாருங்கள்: ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று, மூன்றரை யூனிட் கிடைத்தால் பெரிது. இன்றைய டீசல் விலைக்கு யூனிட் முப்பது ரூபாயை ஒட்டி வருகிறது. கோபாலபுரம் தாண்டிப் போய்த் தமிழ்நாட்டு பங்க்கில் கேனில் நிரப்பி வந்தாலும் பெரிதாகக் குறையாது.

மூன்று கிலோவாட் சோலார் போட்டிருக்கிறோம். நல்ல வெயிலில் மின்சாரம் போனால் வீட்டிலும் மின்சாரம் இல்லை. ஏமாற்றிவிட்டார்களா? — பள்ளி ஆசிரியை, வேலந்தாவளம்

இல்லை, டீச்சர். உங்களுடையது மின்வாரிய லைனோடு இணைந்த அமைப்பு. லைனில் மின்சாரம் நின்றதும் உங்கள் இன்வெர்ட்டர் தானாக நிற்க வேண்டும் என்பது விதி. நிற்காவிட்டால், கம்பத்தில் ஏறி அறுந்த ஒயரைக் கட்டும் லைன்மேனை உங்கள் கூரையில் விளையும் மின்சாரம் தாக்கும். விற்றவர் இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், அது அவர் தவறு. பேட்டரியோடு வேலை செய்யும் ஹைபிரிட் இன்வெர்ட்டருக்கு மாறினால், வீட்டை லைனிலிருந்து துண்டித்துக்கொண்டு உள்ளே மட்டும் ஓட்டும். கூரை சோலாருக்கு மத்திய அரசு உதவும் சூர்ய கர் திட்டத்தின் மானியம் அதிகபட்சம் 78,000 ரூபாய். பேட்டரிக்கென்று தனியாக எதுவும் இல்லை. அந்தக் கணக்கோடு இறங்குங்கள்.

அவசரத் தேவைக்கு மட்டும் ஓடும் பெரிய மின் நிலையங்களை மூடிவிட்டு சோலார் வைத்தால் போதாதா? — கல்லூரி மாணவி, செங்கோட்டை

போதாது, ஆனால் கேள்வி நல்ல கேள்வி. நான் மேலே சொன்ன மண்டபத்தை ஒரு மாநிலமாகப் பெரிதாக்கிப் பாருங்கள். கேரளத்தில் வீடுகளின் பங்கு அதிகம் என்பதால் தேவை மாலை ஆறு மணிக்கு மேல்தான் குதிக்கும். 2024 மே மாதத்து வெக்கையில் அது 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. அந்த நேரத்தில் சோலார் பலகையிலிருந்து வருவது பூஜ்யம்.

இதற்காகத்தான் 1990களின் கடைசியில் கொச்சி அருகே பிரம்மபுரத்திலும் கோழிக்கோடு நல்லளத்திலும் டீசல் நிலையங்களைக் கட்டினார்கள். டீசல் நிலையம் என்று பெயரே தவிர, எரித்தது அதைவிடக் கனமான எண்ணெய். காயங்குளத்தில் தேசிய அனல்மின் கழகம் நாப்தா என்ற பெட்ரோலிய எரிபொருளில் ஓடும் 360 மெகாவாட் நிலையம் அமைத்தது. நாப்தா விலை ஏறியதும் அது பல ஆண்டுகள் சும்மா நின்றது. பிறகு அதே வளாகத்து நீர்ப்பரப்பில் மிதக்கும் சோலார் பலகைகளைப் பரப்பினார்கள். 92 மெகாவாட், 2022இல் முழுதாக இயங்கத் தொடங்கியது. படத்தில் பார்க்க அழகு. ஆனால் மாலை நேரத் தேவைக்கு இது உதவாது, பகலுக்குத்தான் உதவும்.

கேரளத்தின் உண்மையான மாலை நேர நிலையம் மூலமற்றம். இடுக்கி நீரில் ஓடும் 780 மெகாவாட். தண்ணீரைத் திறந்தால் சில நிமிடங்களில் மின்சாரம், புகையும் இல்லை. மழை பொய்த்த ஆண்டில்தான் சிக்கல். அதனால் எண்ணெய் நிலையத்துக்கு மாற்று சோலார் மட்டும் அல்ல. பகல் சோலாரை மாலைவரை பிடித்துவைக்கும் ஏதோ ஒன்றும் வேண்டும். தென் ஆஸ்திரேலியாவில் ஹார்ன்ஸ்டேலில் 2017இல் 100 மெகாவாட் பேட்டரி வைத்தபோது பலர் சிரித்தார்கள். இப்போது யாரும் சிரிப்பதில்லை.

காடம்பாறையில் தண்ணீரை மேலே ஏற்றி மறுபடி கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறார்களாமே. ஏற்றவே அதிக மின்சாரம் செலவாகாதா? — தென்னை விவசாயி, ஆனைமலை

ஆகும், அண்ணா. நாலு யூனிட் எடுக்க ஐந்துக்கு மேல் செலவழிக்க வேண்டும். ஆனாலும் நஷ்டம் இல்லை. நீங்கள் தேங்காயை விலை இல்லாத மாதம் உரிக்காமல் போட்டுவைத்து, விலை ஏறும்போது விற்பதில்லையா? அதில் கொஞ்சம் அழுகியும் போகும். யாருக்கும் வேண்டாத நேரத்து மின்சாரத்தில் மேல் ஆழியாறு நீரைக் காடம்பாறை அணைக்கு ஏற்றி, மாலையில் இறக்குகிறார்கள். பூமிக்கடியில் நூறு மெகாவாட் இயந்திரங்கள் நான்கு, 1980களின் கடைசியிலிருந்து இருக்கின்றன. நீலகிரியில் குந்தாவில் இதே வகையில் 500 மெகாவாட் திட்டம் நடக்கிறது. ஆனைமலைக்காரர் காடம்பாறையைப் பற்றி என்னிடம் கேட்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. வால்பாறை ரோட்டில் எத்தனை முறை அதைக் கடந்து போயிருப்பீர்கள்!

லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும் என்கிறார்கள். தங்கும் விடுதியில் வைக்கலாமா? — வாசகர், கூடலூர்

பயம் நியாயமானதே. கலிஃபோர்னியாவில் மாஸ் லேண்டிங் என்ற இடத்தில் பழைய எரிவாயு மின் நிலையத்தின் கட்டடத்துக்குள்ளேயே பெரிய பேட்டரித் தொகுதி வைத்திருந்தார்கள். 2025 ஜனவரியில் அது எரிந்து ஆயிரத்துக்கு மேற்பட்டோரை வெளியேற்ற வேண்டியிருந்தது. அங்கிருந்தது நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் வகை. நீங்கள் இரும்பு பாஸ்பேட் வகை கேட்டு வாங்குங்கள். அது சூட்டை அதிகம் தாங்கும். மாடிப்படிக்கு அடியில், மெத்தை அடுக்கும் அறையில் வைக்காதீர்கள். இப்போது இருக்கும், ஈயமும் அமிலமும் கொண்ட டியூபுலர் பேட்டரியும் சாது அல்ல. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு விடும், அதற்கும் காற்றோட்டம் தேவை.

பக்கத்துக் கடை ஜெனரேட்டர் புகை நேராக எங்கள் படுக்கையறைக்கு வருகிறது. — மீனாட்சிபுரம்

விதி எளிது. கேவிஏ எண்ணின் வர்க்கமூலத்தை 0.2ஆல் பெருக்குங்கள். அத்தனை மீட்டர், ஜெனரேட்டர் இருக்கும் கட்டடத்துக்கு மேல் புகைபோக்கி நிற்க வேண்டும். 100 கேவிஏ என்றால் இரண்டு மீட்டர். முதலில் கடைக்காரரிடம் இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். அசையவில்லை என்றால் புகைபோக்கியும் உங்கள் ஜன்னலும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் கொடுங்கள். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இலேயே உறுதியாக வகைப்படுத்திவிட்டது. சும்மா தும்மல் சமாசாரம் இல்லை.

சிரட்டையை எரித்து வாயு எடுத்து ஜெனரேட்டர் ஓட்ட முடியுமா? எங்கள் களத்தில் மலை போல் கிடக்கிறது. — கொப்பரை வியாபாரி, வடகரப்பதி

முடியும், ஓட்டியும் இருக்கிறார்கள். தினமும் பல மணி நேரம் ஓடும் ஆலைக்கு நல்லது. மின்சாரம் போகும்போது மட்டும் வேண்டுமென்றால் சரிப்படாது. பற்றவைத்து வாயு சீராக வருவதற்குள் மின்சாரமே திரும்பிவிடும். வாயுவோடு தாரும் வரும், வடிகட்டியை அடிக்கடி கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். அந்த வேலைக்குக் களத்தில் ஓர் ஆள் நிலையாக இருப்பார் என்றால் மறுபடி எழுதுங்கள், மேலே பேசலாம். இல்லையென்றால் சிரட்டையைக் கரி சுடுபவருக்கே கொடுத்துவிடுங்கள்.