நெஞ்சு எக்ஸ்ரே திரும்பத் திரும்பப் பிழையாகிப் போனால்

தங்கச்சி, கொழும்பில் ரேடியோகிராபி பயிற்சியில் நீங்கள் எடுக்கும் நெஞ்சுப் படங்கள் சுழன்றிருக்கின்றன, மூச்சும் போதாது என்று திருப்பி எடுக்கச் சொல்கிறார்கள் என்றீர்கள். எனக்கும் முதல் வருடம் அதே கதைதான்.

காறை எலும்புகள் இரண்டின் உள்முனைகளும் முதுகெலும்பு முள்ளிலிருந்து ஒரே தூரத்தில் தெரிய வேண்டும். இல்லையென்றால் ஆள் திரும்பி நின்றிருக்கிறார், படம் சுழன்றது அதனால்தான். தோளைத் திருத்த முன் பாதங்களைப் பாருங்கள், பிழை பலமுறை அங்கேதான். அப்புறம் தோள்களை முன்னால் உருட்டிவிடுங்கள். தோள்பட்டை எலும்பு நுரையீரலை விட்டு விலகும்.

முதல் மூச்சிலேயே பட்டனை அமத்தாதீர்கள். ஒருமுறை இழுத்து விடச் சொல்லி, இரண்டாவதில் பிடிக்கச் சொல்லுங்கள். படத்தில் பின்பக்க விலா எலும்புகள் 9 அல்லது 10 வரை தெரிந்தால் மூச்சு போதும். சிங்களவர் வந்தால் 'ஹுஸ்ம கன்ன' (மூச்சை இழுங்கள்) சொல்லப் பழகுங்கள். தமிழில் கத்தினால், பாவம், திரும்பிப் பார்ப்பார். படம் மறுபடி சுழலும்.