ஆங்கில வகுப்பில் இயற்கை – கடிதம்

வணக்கம்.

உங்கள் தளத்தை நெடுநாளாக வாசித்து வருகிறேன். இதுதான் முதல் கடிதம். நியூஜெர்சியில் இருக்கிறோம். மகள் பதினோராம் வகுப்பு. ஏபி ஆங்கிலம் (பள்ளியிலேயே படிக்கிற கல்லூரித் தரப் பாடம்) எடுத்திருக்கிறாள். இந்தப் பருவத்தில் அவர்களுக்கு இயற்கை, சூழல் பாதுகாப்பு பற்றிய எழுத்துகள். ரேச்சல் கார்சன் எழுதிய 'சைலண்ட் ஸ்பிரிங்' நூலின் முதல் அத்தியாயத்தை வகுப்பில் அலசிக்கொண்டிருக்கிறார்கள். ஓர் ஊரில் வசந்தம் வருகிறது, ஆனால் பறவைச் சத்தமே இல்லை. அதைப் பற்றிய சில பக்கங்கள்தான். மகள் அந்தப் பக்கங்களை ஹைலைட்டரால் நிரப்பி வைத்திருக்கிறாள். உவமைக்கு மஞ்சள், முரணுக்குப் பச்சை, இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம்.

அதே பக்கங்களை நானும் ஒரு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். மனசு கனத்துவிட்டது. "படிச்சப்ப உனக்கு என்னடி தோணுச்சு?" என்று கேட்டேன். "அதெல்லாம் கட்டுரையில எழுதக் கூடாதும்மா" என்றாள்.

இப்படி அறுத்துப் பார்த்தால் பிள்ளைகளுக்கு இயற்கை மேல் பிரியம் வருமா? இது சயின்ஸ் வகுப்பில் இருக்க வேண்டிய விஷயம் இல்லையா? இன்னொன்று, அந்த ஊரே கற்பனையாம். ஆபத்தான பூச்சிமருந்துகளைப் பற்றிய புத்தகத்தைக் கற்பனை ஊரில் தொடங்குவது நேர்மையா என்று மகள் வகுப்பில் கேட்டிருக்கிறாள். நேரமில்லை என்று அடுத்த பத்திக்குப் போய்விட்டார்களாம்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகளின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நேரமில்லை என்று தள்ளக்கூடிய கேள்வி அல்ல அது. அந்த அத்தியாயத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

கார்சன் எதையும் ஒளிக்கவில்லை. இப்படி ஒரு ஊர் கிடையாது, ஆனால் இங்கே சொன்ன ஒவ்வொரு கேடும் எங்கோ ஓரிடத்தில் உண்மையிலேயே நடந்திருக்கிறது என்று அத்தியாயத்தின் முடிவில் அவரே சொல்லிவிடுகிறார். நூலில் 17 அத்தியாயங்கள். கடைசியில் ஐம்பது பக்கத்துக்கும் மேல் ஆதாரப் பட்டியல். கற்பனை ஊருக்கு அவர் கொடுத்த இடம் தொடக்கத்தில் சில பக்கங்கள் மட்டுமே. பள்ளிக்கூடங்களில் பெரும்பாலும் அந்தச் சில பக்கங்களைத் தனியாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அதை மட்டும் படிக்கிற பிள்ளை, கார்சன் நன்றாக உருகி எழுதுகிறவர் என்ற எண்ணத்தோடு போய்விடும். 1962-ல் நூல் வந்தபோது பூச்சிமருந்துக் கம்பெனிகளின் ஆட்கள் சொன்னதும் அதைத்தான்: உணர்ச்சிவசப்பட்ட பெண், அறிவியல் இல்லை. அவர் விலங்கியல் படித்த கடல் உயிரியலாளர், அரசின் மீன்வளத் துறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர் என்பதை வசதியாக மறந்துவிட்டுச் சொன்னார்கள்.

அதனால் மகளை எட்டாம் அத்தியாயத்தைப் படிக்கச் சொல்லுங்கள். மிச்சிகனில் ஈஸ்ட் லான்சிங் என்ற உண்மையான ஊர், உண்மையான பல்கலைக்கழக வளாகம். எல்ம் மரங்களுக்கு ஒரு நோய் வந்தது. அதைப் பரப்பும் வண்டுகளைக் கொல்ல 1954-ல் டிடிடி அடிக்க ஆரம்பித்தார்கள். இலைகளில் மருந்து ஒட்டிக்கொள்கிறது. இலையுதிர்காலத்தில் அந்த இலைகள் கீழே விழுகின்றன, மண்புழு அவற்றைத் தின்கிறது. வசந்தத்தில் வந்து சேரும் ராபின் என்ற பறவை மண்புழுவைத் தின்கிறது. இந்த இடத்தில் கார்சன் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். பெரிய மண்புழுக்கள் 11 இருந்தால் ஒரு ராபினைக் கொல்லும் அளவு டிடிடி அதன் உடம்புக்குள் போய்விடும். ராபினோ ஒரு நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் பத்துப் பன்னிரண்டு மண்புழுக்களைத் தின்னக்கூடியது. அவ்வளவுதான் சொல்கிறார். "ஐயோ" என்று ஒரு வார்த்தை இல்லை. மஞ்சள் ஹைலைட்டருக்கு அங்கே வேலையே இல்லை, ஆனால் முழு நூலிலும் என்னை அதிகம் உலுக்கிய இடங்களில் அது ஒன்று. பத்தே நிமிடத்தில் பறவையின் கதை முடிந்துவிட்டது என்ற கணக்கை நாமேதான் போட்டுக்கொள்கிறோம். அதைப் போட வைத்ததுதான் எழுத்தாளரின் திறமை.

இப்போது கற்பனை ஊருக்குத் திரும்புவோம். அங்கே ஓர் உவமை வருகிறது. வீட்டுக் கூரைகளிலும் புல்வெளிகளிலும் வெள்ளைத் தூள் சில வாரங்களுக்கு முன்னால் பனிபோல விழுந்திருந்தது என்கிறார். மகள் இதற்கு மஞ்சள் பூசியிருப்பாள். பூசியபின் அங்கேயே நின்று, ஏன் பனி என்று கேட்க வேண்டும். பனி வானத்திலிருந்து தானாக விழுவது. அதை யாரும் போடவில்லை, யார் மேலும் பழி இல்லை. தூளுக்குப் பின்னால் இருக்கிற கையை அந்த உவமை கொஞ்ச நேரம் மறைத்து வைக்கிறது. அடுத்த பத்தியிலேயே, இது சூனியமும் இல்லை, எதிரியின் வேலையும் இல்லை, மக்கள் தாங்களே செய்துகொண்டது என்று கையைக் காட்டிவிடுகிறார். அணுகுண்டுச் சோதனைகள் நடந்துகொண்டிருந்த 1962-ல், வானத்திலிருந்து விழும் தூள் என்றால் அமெரிக்க வாசகருக்கு வேறொரு பயமும் சேர்ந்தே வந்திருக்கும். கார்சன் அதை அறிந்தே எழுதியிருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த அத்தியாயத்தில், அணுகுண்டு வெடிப்பில் வெளியாகும் ஸ்ட்ரான்ஷியம் 90 என்ற கதிரியக்கப் பொருளைப் பற்றி அவரே பேசுகிறார்.

இதுதான் பகுப்பாய்வு. இதைச் செய்தால் பிரியம் போகாது. பனி என்று ஒரு சொல்லைப் படித்து மனசு கனத்தவர், அந்தக் கனம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் அது இன்னும் கூடத்தான் செய்யும். பெயர் ஒட்டுவதோடு நின்றுவிட்டால்தான் சலிப்பு. தேர்வு மதிப்பெண்ணும் இதையேதான் சொல்கிறது. ஏபி தேர்வில் இந்த வகைக் கட்டுரைக்கு மொத்தம் 6 மதிப்பெண். அதில் 4, சான்று காட்டி அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்குவதற்குத்தான்.

சரி, சயின்ஸ் வகுப்புக் கேள்விக்கு வருகிறேன். இதற்கு ஒரு பழைய தேர்வுக் கேள்வியையே எடுத்துக்கொள்ளலாம்.

2003 ஏபி ஆங்கிலத் தேர்வில் இரண்டு பத்திகளைக் கொடுத்து ஒப்பிடச் சொன்னார்கள். ஒன்று பறவை ஓவியர் ஆடுபான் 1830-களில் எழுதியது, பயணிப் புறாக் கூட்டங்களைப் பற்றி. இன்னொன்று ஆன்னி டில்லார்ட் 1974-ல் வெளியிட்ட நூலிலிருந்து, மாலையில் அடையப் போகும் ஸ்டார்லிங்குகளைப் பற்றி. ஸ்டார்லிங் நம் மைனாவுக்கு உறவு. பறவைகளை எப்படி வர்ணிக்கிறார்கள், அவை பார்ப்பவரை என்ன செய்கின்றன என்பதுதான் கேள்வி. டில்லார்ட் அசையாமல் நிற்கிறார். அரை மணி நேரம் பறவைகள் அவர் தலைக்கு மேலே புகைபோல, பிரியும் நூல்போலப் போய்க்கொண்டே இருக்கின்றன. எண்ணுவது என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

ஆடுபான் எண்ணுகிறார். 1813 இலையுதிர்காலம், ஓஹையோ ஆற்றங்கரையிலிருந்த வீட்டிலிருந்து லூயிவில் போகும் வழி. குதிரையை விட்டு இறங்கி ஒரு மேட்டில் உட்கார்ந்து, கடந்து போகும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கிறார். கொஞ்ச நேரத்தில் முடியாது என்று எழுந்துவிடுகிறார். எண்ணிப் பார்த்தால் 21 நிமிடத்தில் 163 புள்ளிகள். நடுப்பகல் வெளிச்சம் கிரகணம் பிடித்ததுபோல மங்குகிறது. எச்சம், உருகும் பனித்துகள்போல விழுகிறது. இங்கேயும் பனிதான்! கார்சனுக்கு அது சாவு, ஆடுபானுக்கு அது செழிப்பு. இரண்டையும் ஒரே வாரத்தில் படிக்கிற வகுப்புக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

அதே கட்டுரையில் ஆடுபான் ஒரு பெரிய கணக்கும் போடுகிறார். ஒரு மைல் அகலக் கூட்டம், நிமிடத்துக்கு ஒரு மைல் வேகத்தில் மூன்று மணி நேரம் தலைக்கு மேலே போகிறது என்றால் 180 சதுர மைல். சதுர கஜத்துக்கு இரண்டு புறா என்று வைத்தால் 1,115,136,000 புறாக்கள். ஒவ்வொன்றும் நாளுக்கு அரை பைன்ட் தின்றால் 87,12,000 புஷல் தீனி வேண்டும் (ஒரு புஷல் என்பது 64 பைன்ட்). நான் பெருக்கிப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது. உங்கள் மகளும் பெருக்கிப் பார்க்கட்டும்.

அப்புறம் ஒரு வாக்கியம் வருகிறது. புறாக்களை ஆயிரக்கணக்கில் அடித்துக் கொல்வதை விவரித்துவிட்டு, இதைப் பார்ப்பவர்கள் இந்த இனமே அழிந்துவிடும் என்று நினைக்கலாம், ஆனால் காடு குறைந்தால் ஒழிய இவை குறையாது என்பதை நீண்ட காலம் பார்த்து உறுதி செய்துகொண்டேன் என்கிறார். படிக்கும்போது அந்த வாக்கியத்தை நம்பத்தான் தோன்றும். காரணம், முன்னால் வந்த புள்ளிகளும் பெருக்கலும். இவ்வளவு கவனமாக எண்ணிய மனிதர் தவறாகச் சொல்லமாட்டார் என்று நாமும் தலையாட்டிவிடுகிறோம். எண்ணிக்கை சரி. அதிலிருந்து போன முடிவு தவறு. பின்னால் ரயிலும் தந்தியும் வந்தன. புறாக்கள் எங்கே கூடு கட்டியிருக்கின்றன என்ற செய்தி தந்தியில் பறந்தது, வேட்டைக்காரர்கள் ரயிலில் வந்தார்கள், அடித்த புறாக்கள் பீப்பாய்களில் நகரங்களுக்குப் போயின. ஆடுபான் உட்கார்ந்திருந்த மேட்டிலிருந்து அதைப் பார்த்திருக்க முடியாது. 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் மார்த்தா என்ற கடைசிப் பயணிப் புறா செத்தது.

டில்லார்ட் பார்த்த ஸ்டார்லிங்குகளோ ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்டவை. 1890-ல் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் சுமார் 60 பறவைகளைத் திறந்துவிட்டார்கள், அடுத்த ஆண்டு இன்னும் கொஞ்சம். அங்கிருந்து கண்டம் முழுக்கப் பரவிவிட்டன. இரண்டு பத்திகளிலும் வானம் நிறையப் பறவைகள். ஒரு பறவை அந்த மண்ணுக்கே உரியது, இன்று ஒன்றுகூட இல்லை. இன்னொன்று வந்து குடியேறியது, எங்கும் இருக்கிறது.

தேர்வுக் கேள்வி இதைக் கேட்கவில்லை. நாற்பது நிமிடத்தில் கேட்கவும் முடியாது. ஆனால் வகுப்பறைக்கு நாற்பது நிமிடக் கட்டாயம் எதுவும் இல்லை. புறா ஏன் அழிந்தது என்பதைச் சயின்ஸ் ஆசிரியர் சொல்லிவிடுவார். அது அழியவே அழியாது என்று ஒரு வாக்கியம் எப்படி நம்மை நம்ப வைத்தது என்பதை ஆங்கில வகுப்பில்தான் பார்க்க முடியும். இயற்கையைப் பற்றிய எழுத்து எல்லாமே வெளியே இருக்கிற ஒன்றைச் சுட்டுகிறது. சுட்டிய இடத்தில் என்ன நடந்தது என்று போய்ப் பார்த்துவிட்டு மறுபடி வாக்கியத்துக்கு வர வேண்டும். இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். அந்த இரண்டாவது வாசிப்பு இல்லாமல் செய்கிற பகுப்பாய்வை அரைகுறை என்றே சொல்வேன்.

கார்சனுக்கும் அந்த இரண்டாவது வாசிப்பைச் செய்யலாம். 1963 மே மாதம் அதிபர் கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழு பூச்சிமருந்துகள் பற்றிய தன் அறிக்கையைத் தந்தது. அது பெருமளவு கார்சனின் பக்கமே நின்றது. 1964 ஏப்ரலில் அவர் புற்றுநோயில் இறந்தார். அமெரிக்காவில் வயல்களில் டிடிடி அடிப்பதற்குத் தடை வந்தது 1972-ல். இது அவரைக் கும்பிடுவதற்காக இல்லை. மகள் கேட்ட நேர்மைக் கேள்வியை, நடந்ததை வைத்துக்கொண்டு மறுபடி கேட்பதற்காக.

வகுப்பில் கேட்க இன்னும் ஒன்று இருக்கிறது. 1962 அக்டோபரில் மான்சான்டோ என்ற வேதிப்பொருள் கம்பெனி தன் சொந்தப் பத்திரிகையில் கார்சனின் முதல் அத்தியாயத்தைப் போலவே ஒரு கதை வெளியிட்டது. பூச்சிமருந்தே இல்லாத ஓர் ஆண்டில் அமெரிக்காவைப் பூச்சிகள் தின்று தீர்ப்பதாகக் கதை. அதே உத்தி, அதே பயம், நேர்எதிர்த் திசை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, எது எதை விட்டுவிட்டது, எதற்குப் பின்னால் ஆதாரம் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லலாமா என்று மகள் ஆசிரியரிடம் கேட்கட்டும். நல்ல ஆசிரியர் என்றால் சந்தோஷமாக ஒப்புக்கொள்வார். கற்பனை நேர்மையானதா என்ற கேள்விக்கும் அங்கே ஒரு பதில் கிடைக்கும். கார்சன் இது கற்பனை என்று சொல்லிவிட்டு, மீதி நூல் முழுக்க அதற்கான கணக்கை ஒப்படைக்கிறார். அதனால் என் பதில், நேர்மையானது என்பதே. மகள் வேறு முடிவுக்கு வந்தால், காரணத்தோடு எழுதட்டும்.

"தோன்றியதை எழுதக் கூடாது" என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. "எனக்கு வருத்தமாக இருந்தது" என்று தேர்வில் எழுத முடியாதுதான். ஆனால் எந்த வரியில் வருத்தம் வந்ததோ அங்கிருந்துதான் கட்டுரையைத் தொடங்க வேண்டும். ஹைலைட்டரை எடுப்பதற்கு முன்னால் ஒருமுறை சும்மா படித்து, மனசு நின்ற இடங்களில் மட்டும் பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். எல்லா நிறமும் அதற்குப் பிறகு வரட்டும்.

நீங்களும் கூடவே படிப்பதால் ஒரு பெயர் சொல்கிறேன். நம்மவர் மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950-லிருந்து 1996 வரை ஆங்கிலத்தில் இயற்கைப் பத்தி எழுதியவர், தமிழிலும் எழுதியிருக்கிறார். அவருடைய ஆங்கிலக் கட்டுரைத் தொகுப்புகள் கிடைக்கின்றன. மகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும், நீங்கள் தமிழில் படியுங்கள். தேர்வு மே மாதம்தான், நேரம் இருக்கிறது.

அன்புடன்.