பாதி தேவாலயம்

அன்புள்ள ஐயா,

துருக்கியில் நீங்கள் போய்வந்த ஆனி நகரத்துப் படங்களைப் பார்த்தேன். ஒரு தேவாலயம் மேலிருந்து கீழ்வரை கத்தியால் வெட்டினதுபோலப் பாதி மட்டும் நிற்கிறதே, அதை இடித்தது யார்? மங்கோலியரா? மறுபாதியை ஏன் இன்னும் கட்டாமல் வைத்திருக்கிறார்கள்?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

யாரும் இடிக்கவில்லை. ஆனி ஆர்மேனியர்களின் பழைய தலைநகரம். அது அங்குள்ள மீட்பர் தேவாலயம், 1035வாக்கில் கட்டியது. கான்ஸ்டான்டினோபிளிலிருந்து கொண்டுவந்த திருச்சிலுவைத் துண்டு ஒன்றை வைப்பதற்காகக் கட்டினார்கள். 1064இல் செல்ஜுக் துருக்கிய சுல்தான் அல்ப் அர்ஸ்லானின் படை நகரைப் பிடித்தது, 1236இல் மங்கோலியர் வந்தார்கள், 1319இல் பூகம்பம். அதையெல்லாம் தாண்டி நின்ற கட்டடம் 1957இல் ஒரு புயலில் பாதி சரிந்தது.

அதற்காகப் புயல்மேல் பழியைப் போட்டுவிட்டுப் போகவும் முடியாது. 1920இல் ஆனியை ஒட்டிய கார்ஸ் பகுதி துருக்கி கைக்கு வந்ததும் அந்த வட்டாரத்து ஆர்மேனியர்கள் போய்விட்டார்கள், அப்புறம் விரிசலைப் பார்த்து அடைக்க யார் இருந்தார்கள்? நீண்டகாலம் அங்கே வைத்திருந்த பலகைகளில் ஆர்மேனியர் என்ற பெயரே கிடையாது. 2016இல்தான் யுனெஸ்கோ பட்டியலில் ஆனி சேர்ந்தது.

பாதி விழுந்ததால் சுவரின் வயிறு தெரிகிறது, நான் அதிக நேரம் நின்றது அங்கேதான். வெளியிலும் உள்ளிலும் வழவழப்பாகச் செதுக்கிய எரிமலைக் கல், நடுவே உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொட்டி நிரப்பியது. பார்வைக்கு அழகு வெளிக்கல், ஆனால் பாரம் தாங்குவது பெரும்பாலும் அந்த நடுக்கலவைதான், இறுகி ஒரே கட்டியாகிவிடுகிறது, அதனால்தான் துணையாக நின்ற பாதி போன பிறகும் இந்தப் பாதி அரைக் குவிமாடத்தைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

மறுபாதியைக் கட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. கட்டினால் அது நம் காலத்துக் கட்டடம், நடந்ததையும் மூடிமறைத்துவிடும். நிற்பதைத் தாங்கிப் பிடிக்கும் வேலை நடந்திருக்கிறது, அது போதும்.

போவதாக இருந்தால் கோடையில் போங்கள், பனிக்காலத்தில் கார்ஸ் குளிர் நமக்குத் தாங்காது. ஆனியின் தலைமைத் தேவாலயமான கதீட்ரலைத் தவறவிடாதீர்கள், இஸ்தான்புல் ஹாகியா சோபியாவின் குவிமாடத்தைச் சரிசெய்த திர்தாத்தான் அதன் சிற்பி, 1001இல் முடிந்தது. ஆற்றுப் பக்கம் இறங்கினால் 1215இல் திக்ரான் ஹோனென்ட்ஸ் என்ற வணிகர் கட்டிய தேவாலயம், உள்ளே சுவரோவியங்கள் இருக்கின்றன. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆர்மேனியா, கூப்பிடு தூரம்தான். எல்லை 1993லிருந்து மூடிக்கிடப்பதால் அங்கிருந்து தரைவழியாக வருகிறவர்கள் ஜார்ஜியா வழியாகச் சுற்றித்தான் வரவேண்டும்.