18-வது கிலோமீட்டர் மேஜை

கேள்வி: எனக்கு 46 வயது. மூன்று வருடமாக ஓடுகிறேன். போன வருடம் காலை 5 மணிக்குத் தொடங்கிய ஹாஃப் மாரத்தானை 3 மணி 20 நிமிடத்தில் முடித்தேன். நேர வரம்பு மூன்றரை மணி. ஆனாலும் 18-வது கிலோமீட்டருக்கு நான் வந்தபோது தண்ணீர் மேஜையை மடித்து வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அலுவலகத்தில் வேறு ‘அதுக்கு நடந்தே போயிருக்கலாமே’ என்று கேலி. இந்த வருடமும் பணம் கட்டியாகிவிட்டது. ஆனால் இரண்டு மாதமாகக் காலையில் எழுந்து தரையில் கால் வைத்தால் குதிகாலில் ஆணி குத்துவதுபோல வலி. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடிவிடலாமா? அல்லது பிப்பை (சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டையை) மைத்துனரிடம் கொடுத்துவிடலாமா? என்னைப் போன்றவர்கள் போட்டிக்கு வருவதே தப்போ?
(பெயர் வேண்டாம், மடிப்பாக்கம்)

பதில்: முதலில் கேட்க வேண்டியதைக் கூச்சப்பட்டுக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். வரலாம். 21 கிலோமீட்டரை நடந்து கடக்க நாலு மணி நேரத்துக்கு மேலாகும். உங்கள் அலுவலகத்தாருக்குக் கணக்கு சரியாக வரவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதே தூரத்தை ஒன்றே கால் மணியில் முடிப்பவர், நிமிடத்துக்கு 180 காலடி என்று வைத்தால், மொத்தம் 13,500 அடி வைக்கிறார். நீங்கள் நிமிடத்துக்கு 160 வைத்தாலும் 32,000. ஒவ்வொரு அடியிலும் உங்கள் கால் வாங்கும் அடி கொஞ்சம் குறைவுதான். எண்ணிக்கை இரண்டு மடங்குக்கும் மேல். அவர் ஆறேகால் மணிக்கே முடித்துவிட்டு, சூரியன் வருவதற்குள் இளநீர் குடிக்கப் போய்விடுகிறார். நீங்கள் எட்டு மணிக்கு மேலும் வெயிலில் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். இதில் நீங்கள் வெட்கப்பட என்ன இருக்கிறது?

சரி, குதிகாலுக்கு வருவோம். இங்கே உங்கள் பக்கம் பேச மாட்டேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் காலையில் முதல் சில அடிகளில் குத்தி, நடக்க நடக்கக் குறைகிற வலி ஓடுகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த வலி. பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல்கள்வரை போகும் தசைநார்ப் பட்டை புண்பட்டிருக்கலாம். அது ஆறுவதற்கு வாரக்கணக்கு போதாது, மாதக்கணக்கு வேண்டும். இரண்டு மாதமாக வலியோடு இருந்துவிட்டு, பத்திரிகைக்குக் கடிதம் எழுத நேரமிருந்தவருக்கு டாக்டரைப் பார்க்க நேரமில்லையா? வலி மாத்திரை போடவே போடாதீர்கள். வியர்த்து நீர் வற்றிய உடம்பில் அந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். வலி தெரியாமல் மூன்று மணி நேரம் ஓடுவது காலுக்கும் நல்லதல்ல.

பிப்பை மைத்துனருக்கும் கொடுக்காதீர்கள். அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், ரத்த வகையும் அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண்ணும் எழுத இடம் இருக்கும். அவர் வழியில் மயங்கி விழுந்தால், பதிவேட்டில் இருப்பது உங்கள் பெயர், உங்கள் வயது. போன் வருவது உங்கள் மனைவிக்கு.

தண்ணீர் மேஜை விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம். தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் என்ற நெடுந்தூர ஓட்டத்தில் 12 மணி நேரம் முடிந்ததும், ஒருவர் எல்லைக்கோட்டுக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுடுவார். யார் எவ்வளவு அருகில் வந்துவிட்டார் என்று பார்த்தால் மனம் இளகிவிடும், அதற்குத்தான் அந்த முதுகு. ஒரு விநாடி பிந்தினாலும் பதக்கம் கிடையாது. கொடுமைதான், ஆனால் முன்பே சொல்லிவிட்ட கொடுமை. உங்களுக்கு நடந்தது வேறு. மூன்றரை மணி வரம்பு என்றால் 18-வது கிலோமீட்டர் மேஜை எட்டு மணிவரை நின்றிருக்க வேண்டும். நீங்கள் போனது ஏழு ஐம்பது வாக்கில் இருக்கும்.

ஆனால் அங்கே நின்றவர்கள் யார்? பெரும்பாலும் காலேஜ் பிள்ளைகள், நடுராத்திரி எழுந்து வந்தவர்கள். கூட்டம் போனபின் பத்து நிமிடம் யாரும் வரவில்லை என்றால் முடிந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். இனிமேல்தான் ஒருவர் ஒருவராக வருவார்கள் என்று தெரிந்த ஆள் அந்த மேஜையில் இல்லை. அந்த ஆள் நீங்கள்தான். இந்த வருடம் நீங்கள் நிற்க வேண்டிய இடம் அது.

ஆறுதலுக்குச் சொல்லவில்லை. பார்க்ரன் என்று வாராவாரம் சனிக்கிழமை நடக்கும் 5 கிலோமீட்டர் ஓட்டம் இன்று இருபதுக்கு மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது, கட்டணம் இல்லை. 2004 அக்டோபர் 2-ஆம் தேதி லண்டன் புஷி பார்க்கில் 13 பேரோடு அதைத் தொடங்கிய பால் சின்டன்-ஹெவிட், அப்போது காயத்தால் ஓட முடியாமல் இருந்தவர். நண்பர்களைப் பிரிந்திருக்க மனமில்லாமல், அவர்களை ஓடவிட்டு நேரம் குறித்துக்கொண்டார். முடித்தவர்களுக்கு வரிசை எண் கொடுக்க, ஹார்டுவேர் கடை வாஷர்களில் எண் அடித்து வைத்திருந்தார்கள். இன்றும் அங்கே எல்லோருக்கும் பின்னால் ஒரு தன்னார்வலர் நடந்து வருவார். ஓட வந்தவர் யாரும் கடைசி ஆள் ஆகாமலிருக்க அப்படி ஓர் ஏற்பாடு.

கட்டிய பணம் திரும்ப வராது, விட்டுவிடுங்கள். ஏற்பாட்டாளர்களுக்கு இன்றே எழுதி, கடைசிக்கு முந்தைய தண்ணீர் மேஜையைக் கேட்டு வாங்குங்கள். உட்கார ஒரு ஸ்டூல் கொண்டுபோங்கள், குதிகாலை மறக்க வேண்டாம். வாழைப்பழத்தைத் தோலோடு பாதியாக வெட்டி, நுனியில் கொஞ்சம் உரித்து வையுங்கள். அந்த நேரத்தில் வருகிறவர்களின் விரல்கள் வியர்த்து வழுக்கும், உரிக்க வராது. அப்புறம், ஒரு கேன் தண்ணீரை மேஜைக்கு அடியில் ஒளித்து வையுங்கள். முன்னால் போகிறவர்கள் தலையில் ஊற்றியே தீர்த்துவிடுவார்கள்.