மூட்டைக்குள் மூச்சு: மலைத்தோட்டக் கேள்வி-பதில்

கோத்தகிரியில் சிறு தேயிலைத் தோட்டம் எங்களுடையது. காலையில் பறித்த கொழுந்து, மதியம் மூட்டையைப் பிரித்தால் கொதிக்கிறது. சில இலைகள் சிவந்தும் போகின்றன. பறித்த இலைக்கு ஏது சூடு?

பறித்ததும் இலை செத்துவிடுவதில்லை. ஆக்சிஜனை இழுத்து, கையிருப்புச் சர்க்கரையை எரித்து, கார்பன் டை ஆக்சைடை வெளியே விட்டுக்கொண்டேதான் இருக்கிறது. அதில் பிறக்கும் வெப்பத்தைச் செடியில் இருந்தவரை காற்றும் நீராவிப்போக்கும் கொண்டுபோயின. சாக்கில் திணித்து, வண்டியில் அதன்மேல் ஆளும் உட்கார்ந்தால் வெப்பத்துக்கு வழியேது? சூடு ஏற ஏற இலை இன்னும் வேகமாக மூச்சு விடும். அதனால் மேலும் சூடாகும். கசங்கிய செல்கள் உடைந்து, அதுவரை தனித்தனியாக இருந்த பாலிபீனால் என்ற துவர்ப்புப் பொருளும், அதை மாற்றும் நொதியும் கலப்பதால்தான் அந்தச் சிவப்பு. ஃபேக்டரியில் உருட்டிய பிறகு நடக்கவேண்டிய வேலை உங்கள் மூட்டையிலேயே ஆரம்பித்துவிட்டது, அவ்வளவுதான். விலையைக் குறைக்கிறார்களே என்று ஏஜெண்டைத் திட்டுவதற்கு முன் பிளாஸ்டிக் சாக்கை மாற்றுங்கள். வலைப் பையில் தளர்வாகப் போட்டு, நிழலில் வையுங்கள்.

கேத்தியில் தோண்டிய உருளைக்கிழங்கின் தோலெல்லாம் வெள்ளைப் பொட்டு. நோயா?

நோய் இல்லை. கிழங்கு மூச்சுவிடும் பட்டைத்துளைகள் அவை. மழைநீர் தேங்கி, மண்ணில் காற்று இருந்த இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டால் துளைகள் வீங்கி வெளியே பிதுங்கும். தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அழுகல் கிருமி நுழைய அதுவே வாசல். சேமித்து வைக்காமல் விற்றுவிடுங்கள். அடுத்த போகத்துக்கு வடிகால் அவசியம்.

கொடைக்கானலில் படுக்கையறையில் பத்துத் தொட்டிச் செடிகள். இரவில் ஆபத்தா?

இல்லை. அந்தப் பத்தும் சேர்ந்து விடுவதைவிடப் பக்கத்தில் படுத்திருப்பவர் விடும் கார்பன் டை ஆக்சைடு அதிகம். குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பை வைத்துக் கதவைச் சாத்துகிறார்களே, அதுதான் உயிரை எடுக்கும். அதிலிருந்து வருவது கார்பன் மோனாக்சைடு, வாசனையே இருக்காது.

பாலிஹவுஸில், அதாவது பிளாஸ்டிக் குடிலில், கார்னேஷன் பூ வளர்க்கிறேன். குளிருக்குப் பயந்து பத்து மணிவரை திரையை இறக்கியே வைக்கிறேன். சரியா?

வெயில் விழுந்த பிறகும் மூடி வைக்காதீர்கள். வெளிக்காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 420 பங்குதான் கார்பன் டை ஆக்சைடு. மூடிய குடிலுக்குள் இரவில் சேர்ந்ததையும் சேர்த்து, வெளிச்சம் வந்த கொஞ்ச நேரத்திலேயே செடிகள் இழுத்துவிடும். அப்புறம் வெளிச்சம் இருந்தும் செடி உணவு தயாரிக்கக் கார்பன் டை ஆக்சைடு போதாது; அடுப்பு எரியும், உலையில் அரிசி இருக்காது என்ற கதைதான். உள்ளே கதகதப்பு வந்ததும் பக்கத்திரையை ஒரு முழம் ஏற்றிவிடுங்கள்.